எரித்ததாகச் சொன்ன கீரை

எங்கள் அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு சின்னப் பூதக்கண்ணாடி எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். அதனால் லென்ஸ். என்னைப் போன்ற இளையவர்களுக்கு லென்ஸ் அக்கா. ஒருமுறை வருகைப் பதிவில் அவள் பேரைப் படித்துவிட்டு, "யாரப்பா இது, நம்ம ஆபீஸ்ல இப்படி ஒருத்தரா?" என்று பெரிய அதிகாரியே கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அந்த மனுஷனுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவர் சிரித்து யாருக்கும் ஒரு நல்லது நடந்ததில்லை.

விதைக்காகப் பயிர் வைத்திருப்பவர்களின் வயலுக்குப் போய், வரிசை வரிசையாக நடந்து பார்த்து, களை கலக்கவில்லை, இந்த விதையை நம்பி விற்கலாம் என்று கையெழுத்துப் போடுவது எங்கள் வேலை. கேட்கச் சுலபமாக இருக்கும். உச்சி வெயிலில் நடந்து பாருங்கள், தெரியும். நாங்களெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டு போவோம். அக்கா மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சந்தேகமாக ஒரு செடி பட்டால் அங்கேயே குந்திவிடுவாள். "என்ன செடிக்கா இது?" என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பூ வரட்டும், சொல்றேன்."

இது ஆபீஸில் பெரிய கேலியாகிவிட்டது. டீக்கடைக்காரர் வந்து டீயா காபியா என்று கேட்டால், "லென்ஸ்கிட்ட மட்டும் கேக்காதீங்க, பூ வரட்டும்னு சொல்லிடும்" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டாள். கொஞ்சம் வைத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் கீரை விஷயத்தில் அவள் பொறுமை வெறும் பிடிவாதம் இல்லை. கீரைச் செடிகள் சின்னதில் எல்லாம் ஒரே முகம். முள்ளுக்கீரை என்றால் பரவாயில்லை, காம்பு தண்டில் சேருகிற இடத்தில் ஜோடியாக முள் இருக்கும், கை வைத்தால் அதுவே சொல்லிவிடும். குப்பைக்கீரைக்கு இலை நுனியில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதன் காய் சுருக்கம் விழுந்து, முற்றினாலும் வாய் திறக்காது. நாம் சமைக்கிற தண்டுக்கீரையை யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். தொல்லை எல்லாம் புதிதாக வந்து சேர்ந்த ஒன்றால்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஆபீஸில் நாங்கள் அதற்கு நெடுங்காம்பு என்று பேர் வைத்திருந்தோம்.

அதைக் கண்டுபிடிக்க அக்கா எனக்கு ஒரு வழி காட்டினாள். இலையைக் காம்போடு கிள்ளி, காம்பை இலை மேலேயே மடக்க வேண்டும். காம்பு இலை நுனியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அது நெடுங்காம்பு. இதிலும் ஒரு வம்பு உண்டு. உச்சியிலுள்ள இளசு இலையைக் கிள்ளினால் காம்பு குட்டையாகத்தான் இருக்கும். பார்க்கிறவன் நிம்மதியாகப் போய்விடுவான். கீழே இருக்கிற முதிர்ந்த இலையைத்தான் எடுக்க வேண்டும். சில செடிகளில் இலை நடுவே வெளுப்பாக அம்புக்குறி போல ஒரு தடம் இருக்கும், சிலவற்றில் இருக்காது, அதை நம்பக் கூடாது. தண்டில் மயிர் இருக்காது, வழுவழுப்பாக இருக்கும். இத்தனையும் பார்த்த பிறகும் அக்கா பூவுக்குக் காத்திருப்பாள். ஏனென்றால் இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் கதிர் மெத்தென்று இருக்கும், தட்டினால் மஞ்சள் தூள் கொட்டும். பெண் கதிர் கையைக் குத்தும். அதன் காயில் மேல் பாதி மூடியைப் போலக் கழன்று விழும். உள்ளே கறுப்பாக, பளபளப்பாக ஒரே ஒரு விதை. அப்படி ஒரு செடியில் லட்சக்கணக்கில். முழங்கால் உயரம் இருந்தது இரண்டு வாரத்தில் நம் தலையைத் தாண்டிவிடும். தொலைந்தது வயல்.

ஒருநாள் கோழித்தீவனக் கடைக்காரர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். தீவனத்தில் ஏதோ கறுப்பு விதை கலந்திருக்கிறது, என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார். விதையை வைத்து இன்ன கீரை என்று யாராலும் சத்தியம் பண்ண முடியாது. முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே எங்கள் ஆபீஸ் பின்னால் ஒரு கண்ணாடிக் கூடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் பெரிய அதிகாரி தன் மோட்டார் பைக்கை நிறுத்துகிறார். வெயில் பட்டால் சீட் வெளுத்துவிடுமாம். கண்ணாடிக் கூடத்தில் நிறுத்தினால் வெயில் படாதா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் துப்பில்லை. அக்கா மட்டும் போய், விதை போட்டுப் பார்க்கக் கூடத்தில் இடம் வேண்டும் என்று கேட்டாள். அவர் சிரித்தார். "வீட்டுல ஒரு தொட்டி கூடவா இல்ல உங்ககிட்ட?" என்றார்.

அவள் வீட்டுக்கு எடுத்துப் போனாள். போயிருக்கக் கூடாது. இப்படிப்பட்ட விதையை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது எங்களுக்கெல்லாம் தெரிந்த விதி. தெரிந்தும் கொண்டுபோனாள், அவள் மேலும் தப்பு இருக்கிறது. இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை.

வீட்டில் அவள் கணவன், மாமியார், கொழுந்தன். கணவனுக்கு பம்ப் செட் ரிப்பேர் வேலை. யார் அதட்டினாலும் அந்தப் பக்கம் தலையாட்டுகிற ஆள். வீட்டுக்குப் பின்னாலேயே அவர்கள் நிலம்; கொழுந்தன்தான் பாடுபடுகிறவன். வெறும் கீரை விற்றுக்கொண்டிருந்தவனை, விதைக்குப் பயிர் வை என்று சொல்லி, விதைக் கம்பெனியில் பேசி ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்தவள் அக்காதான். அவனும் கெட்டவன் இல்லை. "அண்ணி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மாமியாருக்கு அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் முகம் ஒரு மாதிரி போகும்.

மொட்டை மாடித் தொட்டியில் இரண்டு செடி தேறி நின்றன. ஒன்று ஆண், ஒன்று பெண். நெடுங்காம்பேதான். பெண் கதிர் முற்றத் தொடங்கியதும் விதை சிந்தாமல் இருக்க அக்கா துணிப்பை கட்டிவிட்டாள். மூடி கழன்று விழுவதைக் கண்ணால் பார்த்துக் குறித்துவிட்டு, செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும் என்பது அவள் திட்டம். அந்த நேரம் பார்த்துத் தங்கைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. அம்மா இல்லாத வீடு, இவள்தான் போகணும். போகும்போது மாமியாரிடம், "அத்தை, அந்தத் தொட்டியை மட்டும் யாரும் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

சொன்னதுதான் வினையாகப் போயிற்று. திரும்பி வந்து பார்த்தால் தொட்டியில் மிளகாய்ச் செடி நிற்கிறது.

"அத்தை, இதுல இருந்த கீரை எங்கே?"

"அந்தக் குப்பையா? கீரை விக்கிற வீட்டுல களையைத் தொட்டியில வெச்சு அதுக்குச் சட்டை வேற மாட்டி விட்டிருக்கே. பாக்கிறவங்க சிரிக்கிறாங்க. பிடுங்கிட்டேன்."

"பிடுங்கி என்ன பண்ணீங்க?"

"எரிச்சுட்டேன், போ. பெரிய புதையல்."

அக்காவுக்கு உயிர் வந்தது. எரித்துவிட்டால் சரி. அவள் அடுத்து ஒரு கேள்வி கேட்கவில்லை. சாம்பல் எங்கே என்று பார்க்கவில்லை. வீட்டு மனுஷியிடம் போய் சாம்பலைக் காட்டு என்று எந்த மருமகள் கேட்பாள்? மறுநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். "நான் எரிக்கணும்னு நெனச்சேன், அவங்களே எரிச்சுட்டாங்க. வேலை மிச்சம்."

எரிக்கவில்லை. குப்பைக் குழியில் போய் விழுந்தது, துணிப்பையோடு. குப்பை மக்கும்போது குழி நன்றாகச் சூடேறியிருந்தால் விதை வெந்து செத்திருக்கும். இவர்கள் குழி எங்கே சூடேறியது! கோடை முடிந்ததும் கொழுந்தன் அந்தக் குப்பையை அள்ளி, விதைக்கீரை போடுகிற வயலுக்கு எருவாக இறைத்தான்.

உறவுக்காரர் வயலை உறவுக்காரரே சோதிக்கக் கூடாது என்பது விதி. அதனால் அந்தப் பருவம் அந்த வயலைப் பார்க்க நான் போனேன். அக்கா வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டாள். "முடிச்சுட்டு வாடி, சாப்பிட்டுப் போகலாம்" என்று மட்டும் சொன்னாள். கொழுந்தன் என் பின்னாலேயே வந்தான், முகமெல்லாம் பல். இந்த விளைச்சல் கைக்கு வந்ததும் அவனுக்குக் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். கீரை நெஞ்சளவு வளர்ந்து கதிர் தள்ளி நின்றது. பார்க்க அவ்வளவு அழகு.

வயலின் கோடியில் ஒரு செடி மட்டும் மற்றதைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது. உச்சி இலையைக் கிள்ளி மடக்கினேன். காம்பு குட்டை. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சு உள்ளே போவதற்குள் அக்கா சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. குனிந்து கீழ் இலையைக் கிள்ளினேன். காம்பு நுனியைத் தாண்டி ஒரு விரல் நீட்டிக்கொண்டு நின்றது.

"என்ன மேடம், தண்டுக்கீரைதானே?" என்றான் கொழுந்தன்.

"அண்ணியைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்றேன். விதி, கிதி எல்லாம் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். செடியைப் பார்த்ததும் நடை நின்றது. லென்ஸைத் தொடக்கூட இல்லை. கதிரைத் தட்டினாள், உள்ளங்கையெல்லாம் மஞ்சள்.

கொழுந்தனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஆண் செடிதானே அண்ணி? ஆண் செடி விதை விடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க? இப்பவே பிடுங்கிடறேன். மேடம் பாக்கலேன்னு வெச்சுக்கட்டும்" என்று கெஞ்சினான்.

அவள் வரிசைக்குள் புகுந்தாள். ஆண் நிற்கிற இடத்தில் பெண் நிற்காமல் இருக்குமா? கொஞ்ச தூரத்தில் ஒன்று, அதற்கப்பால் இரண்டு, வாய்க்கால் ஓரம் ஒரு கும்பலே நின்றது. இன்னும் உயரம் எழும்பாமல் கீரையோடு கீரையாக நின்றதால் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினாள். மூடியெல்லாம் பறந்து போய்க் கறுப்பு விதை மட்டும் கையில் மிஞ்சியது.

"கொட்ட ஆரம்பிச்சுட்டுது தம்பி" என்றாள். "நம்ம விதையும் கறுப்பு, இதுவும் கறுப்பு. சலிச்சாலும் பிரியாது, புடைச்சாலும் பிரியாது. வாங்கிட்டுப் போறவங்க வயலெல்லாம் நாசமாயிடும்." பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "தள்ளுபடின்னு எழுதுடி" என்றாள்.

கொழுந்தன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை, கத்தவில்லை. "எப்படி அண்ணி வந்துச்சு? நம்ம வயலுக்கு எப்படி வந்துச்சு?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டான்.

அதற்குள் மாமியாரும் கணவனும் வந்துவிட்டார்கள். அக்கா மாமியாரைப் பார்த்தாள். மரியாதை குறையாமல்தான் கேட்டாள்.

"அத்தை, மாடித் தொட்டியில இருந்த செடியை எரிச்சேன்னு சொன்னீங்களே. நிஜமா எரிச்சீங்களா?"

அந்த அம்மாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். வெளுத்த முகம் அடுத்த நிமிஷமே சிவந்துவிட்டது.

"பின்னே? நான் என்ன பொய்யா சொல்றேன்? வயசான காலத்துல எனக்கு இந்தப் பேரு வேற வேணுமா? ஊர்ல இருக்கிற களைக்காடெல்லாம் சுத்திட்டு அதே செருப்போட இந்த வரப்புல நடக்கிறது யாரு? நானா? நீதான் ஒட்டிக்கிட்டு வந்து போட்டிருப்பே. கம்பெனி, விதைன்னு இவன் தலையில மிளகாய் அரைச்சவ நீ. இப்போ எம்மேல பழி போடறியா?"

கொழுந்தன் தலை நிமிர்ந்து அண்ணியின் செருப்பைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவள் கவனித்துவிட்டாள். வயல் போனதைவிட அதுதான் அவளை உலுக்கியது என்று எனக்குத் தோன்றியது. உடனே கணவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அன்னைக்கு வீட்டுலதானே இருந்தீங்க? சொல்லுங்க."

அவன் அம்மாவைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். வாய்க்காலைப் பார்த்தான். அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தான். அவள் கண்ணை எடுக்காமல் நின்றாள். எனக்கே, சொல்லேன்டா, வாயைத் திறந்து எதையாவது சொல்லித் தொலையேன்டா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"எரிச்சாங்க" என்றான். "நான் பார்த்தேன்."

அவ்வளவுதான். அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

பயிரை மடக்கி உழுதார்கள். கல்யாணம் தள்ளிப்போய், பிறகு நின்றே போனது. தொட்டி விஷயம் ஆபீஸுக்கு எட்டியதும் பெரிய அதிகாரி விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார், சிரித்துக்கொண்டே. யார் தொட்டியில் வளர்க்கச் சொன்னது என்று அதில் ஒரு கேள்வி! சொன்ன வாயே கேட்கிறது. பைக் இன்னும் கண்ணாடிக் கூடத்தில்தான் நிற்கிறது. மாமியாருக்கோ வீட்டுக்கு வருகிற போகிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. "படிச்ச மருமக, செருப்புலயே எங்க வயலை அழிச்சுட்டா" என்பாளாம், தண்ணீர் கொண்டுவந்து வைக்கிற மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

அந்த விதை மண்ணில் சில வருஷம் கிடக்கும். மழை பெய்யப் பெய்ய முளைக்கும். அந்த வீட்டில் அதைச் சின்னதிலேயே சந்தேகப்படத் தெரிந்தவள் ஒருத்திதான். ஆகவே தினமும் ஆபீஸுக்கு வருமுன் வயலில் இறங்கிப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். சந்தேகமான செடி இருந்தால் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போய்விடுவானாம். அண்ணி என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் வாயா வெந்துவிடும்?

"எதுக்குக்கா இப்படிக் கிடந்து சாகறீங்க?" என்று நான் கத்துவேன்.

"அவன் வயல் போச்சேடி" என்பாள்.

ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"நேத்து அவர் சொன்னார்" என்றாள். "எரிக்கலையாம். அத்தை பிடுங்கிக் கூடையில போட்டுக் கொடுத்தாங்களாம். குப்பைக் குழியில கொண்டுபோய்க் கொட்டினதே அவர்தானாம்."

என் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதை இங்கே எழுத முடியாது. "அப்போ அன்னைக்கு வாயில என்ன பூட்டா போட்டிருந்தது அந்த ஆளுக்கு?"

"அதான் நானும் கேட்டேன். அம்மாவைப் பொய்க்காரின்னு எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது, நீன்னா தாங்கிக்குவேன்னு நெனச்சேன்னு சொன்னார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க, அது போதும்னு சொன்னேன். ஆறின புண்ணை எதுக்குக் கிளறணும்ங்கறார்." டிபன் பாக்ஸை மூடினாள். "யாருக்குடி ஆறிச்சு?"

அப்போதுதான் அவள் அழுது நான் முதல் முறையாகப் பார்த்தேன். அழுகை கூட அவளுக்குச் சரியாக வரவில்லை, விக்கல் மாதிரி வந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு என் வீட்டுக்கு வந்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் கணவன் வந்தான். வாசலில் நின்றுகொண்டு என்னிடம், "அவளை வரச் சொல்லுங்க. வயல்ல மறுபடியும் முளைச்சுட்டுது, தம்பிக்கு எது எதுன்னு தெரியல. அவ வரட்டும், வந்ததும் நானே தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன்" என்றான்.

அக்கா உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை.

"சொல்லிட்டு வாங்க" என்றாள் அங்கிருந்தே.

"அதான் சொல்றேன்னு சொல்றேன் இல்ல?"

"சொல்லிட்டு வாங்க. நான் வரேன்."

குடிக்கத் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, இதோ போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று செருப்பை மாட்டினான். அவர்கள் வீடு இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான். அவன் தெருமுனை திரும்பியதும் அக்கா எழுந்து, அரிசிப் பானையைத் திறந்து, அவனுக்கும் சேர்த்து ஒரு பிடி கூடுதலாக உலையில் போட்டாள். அந்தச் சோறு அப்படியே மிஞ்சிவிட்டது. மறுநாள் நான்தான் சாப்பிட்டேன். மழைக்காலமும் முடியப்போகிறது, சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவன் இன்னும் வரவில்லை.